வெள்ளிக்கிழமை மனு

ஜூன் 11, செவ்வாய்

மோட்டார் போட்டால் தண்ணீர் ஏறவில்லை. பிளம்பருக்குச் சொல்லிவிட்டு காலையிலிருந்து காத்திருந்தேன். அழைப்புமணி அடித்ததும் அவன்தான் என்று நினைத்து, "பின்பக்கமா வாப்பா" என்று கத்தினேன். முன்பக்கமாகவே ஒரு இளம்பெண் வந்து நின்றாள். தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டை. நன்னடத்தை அலுவலராம். பெயர் ரெஜினா.

"சுயம்புலிங்கத்துக்குப் பதினாலு வருஷம் முடிஞ்சிருச்சு மேடம். முன்விடுதலைக்கு அவர் பேரு குழுவுக்குப் போகுது. இறந்தவரோட குடும்பத்துக்கு ஆட்சேபம் உண்டான்னு கேட்டு எழுதணும்."

அவர் பேராம். கொன்றவன் 'அவர்', என் பிள்ளை 'இறந்தவர்'. இரண்டு பேருக்கும் ஒரே மரியாதை. அவளுக்கு நான் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. குழாயிலும் வரவில்லை, மனசும் வரவில்லை.

"ஆட்சேபம் உண்டு. எழுத்துல தாரேன்" என்றேன்.

"அவசரமில்ல மேடம். ஆகஸ்ட் கடைசிக்குள்ள குடுங்க. சிறையில நன்னடத்தை, போலீஸ் ரிப்போர்ட் எல்லாம் அவருக்குச் சாதகமா இருக்கு. மிச்சம் நீங்க சொல்றதுதான்."

அப்படியானால் சாவி என் கையில் இருக்கிறது. போகும்போது அவள் கூடத்தில் மாட்டியிருக்கும் என் பிள்ளை குற்றாலிங்கத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டே போனாள். பிளம்பர் வரவேயில்லை.

ஜூன் 12, புதன்

பிளம்பர் வந்தான். வால்வு போய்விட்டதாம்.

ஆட்சேப மனுவை எழுத உட்கார்ந்தேன். முப்பத்திரண்டு வருஷம் சமூக அறிவியல் நடத்தியவளுக்கு அரைப் பக்கம் எழுதுவது கஷ்டமில்லை. ஆனால் முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். 'மேற்படி சுயம்புலிங்கம்' என்று எழுதினால் அந்த மேற்படி இப்போது எப்படி இருக்கிறான் என்றே எனக்குத் தெரியாது. என் கண்ணில் இருப்பது பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நகம் கடித்தவன். என் மகனின் கூட்டாளி. பரீட்சை நேரத்தில் என் வீட்டு மாடியில் படுத்துக் கிடந்தவன். அப்புறம் நீதிமன்றத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்ற ஒரு பிடரி. அவ்வளவுதான்.

சுயம்புலிங்கத்திடம் இரவல் வாங்கிய பைக்கின் முன்விளக்கை என் மகன் உடைத்துவிட்டான் என்று ஆற்றங்கரையில் வாய்ச்சண்டை. இருவருக்கும் இருபது வயது. இளநீர் வெட்ட வைத்திருந்த கத்தி. இவ்வளவையும் எழுத இரண்டு வரி போதுமாக இருக்கிறது.

அவனை ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு எழுதினால் மனு காரமாக இருக்கும். அதற்காகத்தான் போகிறேன்.

ஜூன் 21, வெள்ளி

அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டை போகப் பஸ்ஸில் நல்ல கூட்டம். சிறையில் ஆளைப் பார்ப்பதற்கு 'மனுப் பார்க்க' என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். பெயரை எழுதிக் கொடுத்தால் உள்ளே கைதியிடம் கேட்பார்கள். அவன் சரி என்றால்தான் விடுவார்கள். 'உறவு' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். 'ஆசிரியை' என்று எழுதினேன். அது பொய்யில்லையே.

அவன் சரி என்று சொல்லிவிட்டான். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கம்பி வலை, ஒரு கை தள்ளி இன்னொரு கம்பி வலை. இந்தப் பக்கம் முப்பது பேர், அந்தப் பக்கம் முப்பது பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். ரகசியம் என்று ஒன்றும் பேச முடியாது. பக்கத்தில் ஒருத்தி மாடு கன்று போட்டதை மூன்று தடவை கத்தினாள்.

சுயம்பு வந்தான். முன்தலையில் முடி இல்லை. கண் அப்படியே இருக்கிறது. நான் பதினான்கு வருஷமாகத் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்த கேள்வியை எடுப்பதற்குள், "டீச்சர், சாப்ட்டியளா?" என்று கத்தினான்.

"சாப்பிட்டேன்" என்றுவிட்டேன். பழக்கதோஷம்.

அப்புறம் கேட்டேன். "ஏம்லே செஞ்ச?"

"அந்த ஒரு நிமிசந்தான் டீச்சர் எனக்கு ஞாவகமில்ல. மத்ததெல்லாம் இருக்கு. குத்தாலம் எங்கூட இருந்த ஒவ்வொரு நாளும் இருக்கு."

குற்றாலிங்கத்தை அவன் அப்படித்தான் கூப்பிடுவான், குத்தாலம். வீட்டில் நாங்கள் லிங்கம் என்போம். அந்தப் பெயரை ஒரு வாய் சொல்லிக் கேட்டு எத்தனை காலமாயிற்று! லிங்கத்தின் அப்பா இருந்தவரை படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார், பெயர் சொல்லமாட்டார். அவரும் போன பிறகு அதுவும் இல்லை.

"என்ன ஞாபகம் இருக்கு?" என்றேன்.

"மீன்கொழம்புன்னா அவனுக்கு உசுரு டீச்சர். எங்கம்மா வைக்க நெத்திலிக் கொழம்புக்கு நேரம் காலம் இல்லாம வந்துருவான். ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிருந்தான்."

நேரம் முடிந்தது என்று விசில் அடித்துவிட்டார்கள்.

நாங்கள் முட்டைகூட வீட்டுக்குள் சேர்க்காதவர்கள்.

வெளியே வந்தபோது மனுக் கொடுக்கும் ஜன்னலில் ஒருத்தி கையில் துணிப்பையோடு நின்றுகொண்டிருந்தாள். "இன்னிக்கி அவனுக்கு ஆளு வந்து பாத்துட்டுப் போயாச்சும்மா. ரெண்டு வாரத்துக்கு ஒரு மனுதான், தெரியும்லா?" என்று உள்ளே இருந்து குரல். அவள் திரும்பினாள். உலகம்மாள். சுயம்புவின் அம்மா. நான் முந்தானையால் முகத்தைத் துடைப்பதுபோல் மறைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஜூன் 22, சனி

அவன் மீன் தின்றிருக்கிறான். இருபது வருஷம் என் சாம்பாரை "சூப்பர்ம்மா" என்று சொல்லிக்கொண்டே தின்றிருக்கிறான்.

ஜூலை 1, திங்கள்

இன்றிலிருந்து இந்திய தண்டனைச் சட்டம் கிடையாதாம். கொலைக்கு உரிய 302 இப்போது 103. வாய்க்குப் பழகிப்போன எண்ணையும் பிடுங்கிக்கொண்டார்கள். சமையலுக்கு கேஸ் தீர்ந்தது. பதிவு செய்தேன்.

ஜூலை 5, வெள்ளி

போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். முதல் பஸ்ஸிலேயே போய்விட்டேன்.

முதல் பஸ் எதற்கு என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். கூட்டம் குறைவாக இருக்கும் என்று பதில் சொல்லிக்கொண்டேன்.

இன்று சுயம்பு சொன்னது: லிங்கம் என்னைப்போலவே பேசிக்காட்டுவானாம். மூக்குக்கண்ணாடியை நுனிக்கு இறக்கி, சாக்பீஸைக் காதோரம் வைத்து, "அடிப்படை உரிமைகள் ஆறு. ஆறையும் சொல்லாதவனுக்கு உட்காரும் உரிமை கிடையாது" என்பானாம். ஆற்றங்கரையே சிரிக்குமாம். சுயம்பு அந்தக் குரலில் கம்பி வலைக்கு அப்பாலிருந்து கத்தினான். என் மகன் செய்த நான், சுயம்புவின் வாயிலிருந்து வந்தேன். நான் சிரித்துவிட்டேன். அந்த இடத்தில் நின்று சிரித்தேன். பக்கத்திலிருந்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"ஆறும் இன்னும் ஞாபகம் இருக்காலே?"

"அஞ்சு தெரியும் டீச்சர். ஒண்ணு விட்டுப்போச்சு."

எது விட்டுப்போனது என்று கேட்பதற்குள் விசில்.

வெளியே டீக்கடைப் பக்கம் உலகம்மாள் நின்றாள். இந்தத் தடவை ஒளிய முடியவில்லை. நேராக வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பீடி சுற்றிச் சுற்றி அவள் விரல் நுனியெல்லாம் தடித்துப்போயிருக்கிறது. சம்பவத்துக்குப் பிறகு ஊரில் தலைகாட்ட முடியாமல் சேரன்மகாதேவிக்குக் குடிபோய்விட்டவள்.

"நீங்கதான் வந்தியன்னு ஜன்னல்ல சொன்னாவ டீச்சர். என் கண்ணே நம்பல. அவன் எப்படி இருக்கான்? மெலிஞ்சிருக்கானா? இருமுதானா?"

ஒரு கையெட்டும் தூரத்தில் நின்று அவனைப் பார்த்தவள் நான். கன்னம் ஒட்டியிருந்ததும், இரண்டு தடவை இருமியதும், சிரித்தபோது மேல் பல் ஒன்று இல்லாமல் இருந்ததும் என்னிடம் இருந்தது.

"நல்லாருக்கான்" என்றேன். அதற்குமேல் ஒரு சொல் கொடுக்கவில்லை.

கொடுக்க மனமில்லை. இப்போது எழுதும்போதும் மனமில்லை. அவளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்துப் போய்ப் பார்க்க ஒருவன் இருக்கிறான். எனக்கு எந்தப் பஸ் இருக்கிறது? வயிறு எரிகிறது. எரியாமல் எப்படி இருக்கும்.

ஜூலை 9, செவ்வாய்

கருவூலத்துக்குப் போய் நான் உயிரோடு இருக்கிறேன் என்று காட்டிவிட்டு வந்தேன். அப்போதுதான் பென்ஷன் வரும். கைரேகை விழவில்லை. மூன்று விரல் மாற்றினார்கள்.

ஜூலை 19, வெள்ளி

உலகம்மாள் ஜன்னலுக்கு முன்னாலேயே காத்திருந்தாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள், வரட்டும் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டேன். அவளோ, "ஒரே மனுவுல மூணு பேரு வரைக்கும் போலாமாம் டீச்சர். எம்பேரையும் சேத்து எழுதிக்கிடுங்க. நான் ஓரமா நின்னுக்கிடுதேன், வாயே தொறக்கமாட்டேன்" என்றாள்.

"எனக்கு அவன்கிட்டத் தனியாப் பேசணும்."

ஒரு கணம் முகம் சுருங்கியது. பிறகு தானாகவே தேறிக்கொண்டாள். "சரி, நீங்களே போயிட்டு வாங்க. நீங்க வாரதே அவனுக்குப் பெரிய விசயம். குத்தாலத்தப் பெத்தவளே வந்து பாக்கான்னா குழுவுல இருக்கவங்களுக்கும் மனசு எளகும்லா. நான் பாக்காட்டாலும் பரவால்ல. வெளிய வந்ததுக்கு அப்புறம் காலம்பூராவும் பாத்துக்கிட்டுதான இருக்கப்போறேன்."

அவள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்கிறாள். அதற்காகத் தன் மனுவை எனக்கு விட்டுக்கொடுக்கிறாள். அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

காலம்பூராவுமாம்.

உள்ளே சுயம்பு கேட்டான், "எங்கம்மா வரலியா டீச்சர்? ரெண்டு தடவையா வரல."

"வெளியதான் நிக்கா" என்றேன். வேறு என்ன சொல்ல.

அவன் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குக் கோபம் வந்தது. நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, இவன் என்னடா என்றால் அம்மாவை நினைத்துக்கொண்டு நிற்கிறான். "லிங்கத்தப் பத்திச் சொல்லுலே" என்று அதட்டினேன். வகுப்பில் அதட்டுவது போலவே வந்தது. சொன்னான். காலேஜில் லிங்கத்துக்கு மூன்று பேப்பர் அரியர் இருந்ததாம். எனக்குப் பயந்து சொல்லவில்லையாம். இன்ஜினியரிங் வேண்டாம், தென்காசியில் ஒரு பேக்கரி போடவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தானாம். தேங்காய் பன்னுக்குள் என்னென்ன வைக்க வேண்டும் என்று மணிக்கணக்காகப் பேசுவானாம்.

என்னிடம் மட்டும் சொல்லாமல் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

இன்று லிங்கத்துக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தது யார் என்று தெரிந்தது. அவன் அப்பா இல்லை. உலகம்மாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடினாளாம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. லிங்கத்தின் அப்பாவுக்கும் லிங்கத்துக்கும் சேர்த்து எள்ளும் தண்ணீரும் விட ஆற்றுக்குப் போனேன். பிள்ளைக்குத் தாய் செய்வது முறையில்லை என்று ஐயர் ஒவ்வொரு வருஷமும் முனகுவார். ஒவ்வொரு வருஷமும் நான் முறைப்பேன், அவர் செய்துவைப்பார். உலகம்மாளுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. அவள் சாகும்போது கொள்ளி வைக்க ஆள் தயாராக இருக்கிறான், அரசாங்கச் செலவில் வளர்கிறான். இதை எழுதும்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது. இந்த வரியை அடிக்கமாட்டேன், இருக்கட்டும்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

வரும்போதெல்லாம் ஒன்றை எதிர்பார்க்கிறேன். 'டீச்சர், ஆட்சேபம் சொல்லாதிய' என்று அவன் கெஞ்சுவான் என்று. கெஞ்சினால் மறுக்கலாம். அவன் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"வெளிய போனா என்ன செய்வ?" என்று கேட்டேன்.

"அம்மாவக் கூட்டிக்கிட்டு திருப்பூர் போயிரலாம்னு இருக்கேன் டீச்சர். உள்ள தையல் படிச்சிருக்கேன். இந்தப் பக்கம் இருந்தா ஒங்க கண்ணுல படவேண்டி வரும். அது முறையில்ல."

"திரும்பி வரமாட்டியா?"

"எதுக்கு டீச்சர்?"

நியாயமான கேள்விதான். விசில் அடிக்கும் முன்பே வெளியே வந்துவிட்டேன். உலகம்மாள் டீக்கடையில் எனக்காக ஒரு டீ சொல்லி வைத்திருந்தாள். ஆறிப்போயிருந்தது. குடிக்காமல் பஸ் ஏறினேன்.

திருப்பூர்! அங்கே போய் அவனும் அவளும் ஒரே வீட்டில், ஒரே பானையில். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேல் பழசைப் பேசும்போது என் பிள்ளையையும் பேசிக்கொள்வார்கள். இருவருக்கும் அவனைத் தெரியும். நான் இங்கே அந்தப் படத்தோடு இருப்பேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

எழுதி முடித்தேன். தண்டனை எதற்கு என்று சட்டப் புத்தகங்கள் நாலு காரணம் சொல்லும். பழிக்குப் பழி. பார்க்கிறவனுக்குப் பயம். மறுபடி செய்யவிடாமல் அடைத்துவைத்தல். ஆளைத் திருத்துதல். பழி என்று எழுதினால் படித்தவள் எழுதியது போல் இருக்காது. அவன் மறுபடி செய்வான் என்று எழுதக் கை வரவில்லை. திருந்தவில்லை என்று எழுதினால் சிறை ரிப்போர்ட் என்னைப் பார்த்துச் சிரிக்கும். பயத்தை எடுத்துக்கொண்டேன்.

'கொலைக் குற்றவாளி ஒருவர் முன்கூட்டியே விடுவிக்கப்படுவது இளைய சமுதாயத்தினரிடையே சட்டத்தின் மீதுள்ள அச்சத்தைக் குறைக்கும் என்பதால்...'

நல்ல வாக்கியம். இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ரெஜினாவின் அலுவலகத்துக்கே போய்க் கொடுத்தேன். படித்தாள். தலையைத் தூக்காமல் கேட்டாள், "ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை போய் அவரப் பாக்கறீங்கன்னு சிறையில சொன்னாங்க மேடம்."

"ஆமா."

"மன்னிச்சிட்டீங்கன்னு நெனச்சேன்."

"நெனைக்கிறத எல்லாம் ரிப்போர்ட்ல எழுதலாமா?"

"இல்ல மேடம். சொல்றது உங்க உரிமை. அவர் வெளிய வரக்கூடாதுன்னு நெஜமாவே நினைக்கறீங்களா, அத மட்டும் கேட்டுக்கறேன்."

சின்னப்பெண். என் பழைய மாணவியாக இருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன். கொலைகாரனுக்கும் உயிர், சுதந்திரம் என்ற உரிமை உண்டு, சட்டம் சொல்லும் வழியில் அல்லாமல் அதை யாரும் பறிக்க முடியாது என்று வருஷாவருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டவள் நான். அவள் எனக்குப் பாடம் எடுக்கிறாள்.

"அதுலதான் எழுதியிருக்கேனே" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பும் வழியில் மார்க்கெட்டில் கத்திரிக்காய் நன்றாக இருந்தது. வாங்கவில்லை.

ஆகஸ்ட் 30, செப்டம்பர் 13, செப்டம்பர் 27

மூன்று வெள்ளியும் போனேன். எழுதத் தோன்றவில்லை. அவன் சொன்னான், நான் கேட்டேன். செப்டம்பரில் சொன்னவற்றில் இரண்டு, முன்பே சொன்னவை. நான் புதிது போல் கேட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

வாசலில் உலகம்மாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு இந்தத் தெருவுக்கு வந்திருக்கிறாள். செருப்பை கேட்டுக்கு வெளியிலேயே விட்டிருந்தாள். வந்ததும் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

"இல்லன்னுட்டாவளாம் டீச்சர். யாரோ ஆட்சேபன சொல்லிட்டாவளாம். எந்தப் பாவி சொன்னானோ, அவன் நாக்கு அழுகிப் போவ. போலீசாத்தான் இருக்கும். என் பிள்ள கைக்குக் கெடைக்கப்போற நேரத்துல இப்பிடிப் பண்ணிட்டானுவளே."

"மறுபடி எப்போ எடுப்பாங்க?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? ஒரு வருசமோ, ரெண்டோ. அதுக்குள்ள நான் இருக்கணும்லா."

தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள். லிங்கத்தின் படத்தைப் பார்த்து, "ஏ ராசா, நீயாவது கேக்கக்கூடாதா?" என்று கும்பிட்டாள். என் வீட்டில் வந்து என் பிள்ளையிடம் வேண்டுகிறாள். சொல்லிவிட வாய் எடுத்தேன். அந்த 'ராசா'வைக் கேட்டதும் வாய் மூடிக்கொண்டது.

போகும்போது, "வெள்ளிக்கிழம ரெண்டு பேரும் சேந்து போவோம் டீச்சர். எனக்குத் தனியாப் போக மனசுக்குத் தெம்பில்ல" என்றாள். முடியாது என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

இன்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஒரே மனுவில் இரண்டு பேர் பெயரும் எழுதினோம். என் பெயரை அவள் முதலில் எழுதச் சொன்னாள். உள்ளே போனதும் உலகம்மாள் கம்பி வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டாள். நாலு மாதமாக அவள் அவனைப் பார்க்கவில்லை. "பல்லு எங்கலே? பல்லு எங்க போச்சு?" என்றுதான் முதலில் கத்தினாள். எனக்கு ஜூலையிலேயே தெரியும்.

"யாருடா தடுத்தது? பேர் போட்டிருக்காமா?"

சுயம்பு என்னைப் பார்த்தான். ஒன்றிரண்டு நொடிதான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தள்ளுபடிக்குக் காரணம் காட்டித்தானே அவனுக்குக் காகிதம் கொடுத்திருப்பார்கள்.

"போலீஸ்தாம்மா. வேற யாரு" என்று கத்தினான். பிறகு என் பக்கம் திரும்பி, கோபமில்லாமல், பரீட்சையில் விடை தெரியாதபோது எழுந்து நின்று சொல்வானே, அதே மாதிரி சொன்னான்: "டீச்சர், குத்தாலத்தப் பத்தி இனி எங்கிட்ட ஒண்ணுமில்ல. எல்லாத்தையும் சொல்லியாச்சு. இனிமே கேட்டா கட்டித்தான் சொல்லணும். செத்தவனப் பத்திப் பொய் சொல்ல எனக்கு வாய் வராது."

விசில் அடிக்க இன்னும் நேரம் இருந்தது. சுற்றி எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து உலகம்மாள் என் கையைத் தட்டினாள். "நீங்க இத்தன நாளும் அதுக்காகவா போனிய டீச்சர்? குத்தாலத்தப் பத்திக் கேக்கவா? எங்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா? பாதிநாளு எங்க வீட்டுலதான கெடப்பான். இவனுக்குத் தெரியாததெல்லாம் எனக்குத் தெரியும். நாள் கணக்காச் சொல்லுவேனே."

டீக்கடையில் இத்தனை மாதமும் அவள் நின்றுகொண்டிருந்தாள். நான் ஆறிய டீயைக்கூடத் தொடாமல் பஸ் ஏறிக்கொண்டிருந்தேன்.

அவளாகவே ஆரம்பித்தாள். லிங்கம் பன்னிரண்டாம் வகுப்பு. நான் எலெக்சன் டூட்டிக்குப் போயிருந்தேன், அவன் அப்பா நாகர்கோவிலில். அந்தச் சமயம் அவனுக்குக் காய்ச்சல் வந்ததாம். இதை அவன் என்னிடம் சொன்னதேயில்லை. "சைக்கிள உருட்டிக்கிட்டு வந்து நடைவாசல்ல அப்படியே உக்காந்துட்டான். தொட்டா அடுப்பு மாதிரி கொதிக்கி. மடியில போட்டுக்கிட்டேன். மிளகு கஷாயம் ஊத்துதேன், அப்படியே வாந்தி எடுக்கான். 'எம்மா, எம்மா'ன்னு மொனங்குதான். ஒங்களத்தான் தேடுதான்னு, 'அம்மா நாளைக்கு வந்துருவாவ ராசா'ன்னேன். கண்ணத் தொறந்து என் மூஞ்சியப் பாத்துட்டான் டீச்சர். பாத்துட்டும் என்னயத்தான் 'எம்மா'ங்கான்."

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னாள்.

"ஆட்சேபம் சொன்னது போலீஸ் இல்ல. நான்தான்" என்றேன்.

உண்மையைச் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. அந்தச் சிரிப்பு அடங்கவேண்டும் என்று சொன்னேன். வேறு எதுவும் கையில் அகப்படவில்லை, அதை எடுத்து அடித்தேன். அது நிஜம்.

பஸ் பத்தமடையில் நின்றது. ஆட்கள் ஏறினார்கள். உலகம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். நாக்கு அழுகிப் போகச் சபித்தவள்தானே, இப்போது முகத்துக்கு நேரே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவள் துணிப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். முன்னால் போய் டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. சேரன்மகாதேவியில் இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

ரெஜினாவிடம் போய், என் ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். நான்கே வரி. அடுத்த முறை குழு கூடும்போது வைக்கிறேன் என்றாள். எப்போது கூடும் என்று அவளுக்கும் தெரியவில்லை. காரணம் என்ன என்று கேட்டாள். "பழைய மனுல எழுதின காரணம் சரியில்ல" என்றேன். அவள் இந்தத் தடவை எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

அங்கிருந்து சேரன்மகாதேவி போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். உலகம்மாள் முறத்தை மடியில் வைத்து பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். "சரி" என்றாள். கத்தரிக்கோல் நிற்கவில்லை. நின்று பார்த்தேன். உட்காரச் சொல்லவில்லை. வெயில் ஏறியதும் வந்துவிட்டேன்.

நவம்பர் 1, வெள்ளி

மனுவுக்குப் போகவில்லை. அது அவளுடைய வெள்ளிக்கிழமை. வீட்டை ஒட்டடை அடித்தேன். மத்தியானம் சாம்பார் வைத்தேன், கொஞ்சம் மிஞ்சிவிட்டது.

லிங்கத்துக்கு அந்தக் காய்ச்சல் எப்போது விட்டது என்று எனக்குத் தெரியவில்லை.